ஒன்பது மணி ரயில்

"தள்ளுங்க, தள்ளுங்க, பிள்ளைத்தாச்சி!" என்று கத்தியபடி மனைவியைக் கைத்தாங்கலாக மெட்ரோ ரயிலுக்குள் ஏற்றினான் அவன். இருவர் சட்டென்று எழுந்து இடம் கொடுத்தார்கள்.

செல்போனில் மாமியார் எகிறினார். "வலி வந்தவளை ரயில்லயா கூட்டிட்டுப் போறீங்க? ஒரு வண்டி பிடிக்க வக்கில்லையா மாப்ளே?"

"காலைல ஒன்பது மணி, அத்தை. மேல ரோட்ல எந்த வண்டியும் நகராது."

"அம்மாவை விடுங்க. குலுக்காம போகுதே, அதுவே புண்ணியம்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள் மனைவி.

ஏழு நிலையங்கள், பதினொரு நிமிடம். லிஃப்ட்டில் மேலே வந்தால் எதிரிலேயே ஆஸ்பத்திரி. நேராகப் பிரசவ அறைக்குக் கொண்டுபோனார்கள்.

அரை மணி கழித்து நர்ஸ் வந்தார். "பொண்ணு பிறந்திருக்கா. கழுத்துல கொடி சுத்தியிருந்துச்சு. பத்து நிமிஷம் லேட்டாகியிருந்தா கஷ்டம்தான். இப்ப ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

கண் கலங்க, அவன் குனிந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டான்.

"தரையை எதுக்குக் கும்பிடுறீங்க?"

"கீழதானே சிஸ்டர் ரயில் போகுது!"

சிரித்தபடி நர்ஸ் படிவத்தை எடுத்தார். "அப்பா பேரு எழுதியாச்சு. என்ன வேலை பாக்குறீங்க?"

அவன் நெளிந்தான்.

"ஆம்புலன்ஸ் டிரைவருங்க."