அரைமலை பலோமா

பாலைவனத்தில் பிறந்த பிள்ளை தண்ணீரை மண்ணில் கொட்டுமா?

கொட்டினாள். இந்தக் கண்ணாலேயே பார்த்தேன். அதுவும் யார், என் அக்கா மகள் பலோமா. அதுவும் அவளுடைய எட்டாவது பிறந்தநாள் அன்று.

எங்கள் பாலைவன ஊரான டூசானுக்கு வெளியே ஆந்தைக் குன்று. பிள்ளைகளே ஏறிவிடலாம், ஒரு மணி நேர நடைதான். உச்சியில் ஒரு தகர டப்பா, அதற்குள் ஒரு நோட்டு. ஏறி வந்தவர்கள் அதில் பெயர் எழுதுவார்கள்.

பலோமாவுக்கு அதில் பெயர் எழுத வேண்டும். பிறந்தநாளுக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். புதுசாக ஒரு பச்சைப் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, விடிவதற்கு முன்பே ஷூவும் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாளாம்.

போன மாதம் பாதியில் திரும்பினோம். அவள் தம்பி பெனி, ஆறு வயசு, கால் வலி என்று அழுதான். உடைந்து கட்டுப் போட்டு ஆறிய கால். அன்றிலிருந்து மாமா பிள்ளைகளுக்கு அவன் 'அரைமலை பெனி'.

"இன்னிக்கு நான் ஓடியே ஏறுவேன் சித்தி," என்றான் காரை விட்டு இறங்கும்போதே. "டாக்டரே நடக்கலாம்னு சொல்லிட்டார்."

"ஓடு ராசா. கள்ளி முள்ளு குத்தினா உங்கம்மா சீப்பு வெச்சிருக்கா, வாரி எடுத்துடலாம்," என்றேன்.

அக்கா ஒஃபேலியா ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்தாள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட். எங்கள் அப்பா காலத்துச் சட்டம் இது. யாருடைய தண்ணீராவது மேலே போகும்போதே ரப்பர் பேண்டுக்குக் கீழே இறங்கினால், எல்லாரும் திரும்பிவிட வேண்டும். இன்னொருத்தர் பாட்டிலிலிருந்து கடன் கிடையாது. கெஞ்சலும் கிடையாது.

நடந்தோம். என்ன காலை அது! மலை இன்னும் தூக்கம் கலையாமல் ஊதா நிறத்தில் கிடந்தது. ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு சகுவாரோ கள்ளிகள் கையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்றன. முந்தின நாள் மழையில் நனைந்த புதர் வாசனை. யாருக்கும் பேசத் தோன்றவில்லை. கனவுக்குள் நடப்பது மாதிரி எங்கள் காலடிச் சத்தமே எங்கோ தூரத்தில் கேட்டது.

பெனிதான் நடுநடுவே கனவைக் கலைத்தான்.

"ஷ்ஷ்! ஓணான்! எல்லாரும் நில்லுங்க!"

ஒரு பாறையில் உட்கார்ந்து புதருக்குள் உற்றுப் பார்ப்பான். நாங்களும் நிற்போம். பலோமா மட்டும் பக்கத்தில் போய்க் குனிந்து பார்ப்பாள். அப்புறம் நடப்போம். நாலு முறை இதே கதை.

"இவனுக்கு மட்டும் எங்கிருந்துதான் ஓணான் கிடைக்குதோ!" என்று அக்கா சிரித்தாள்.

கடைசித் திருப்பம். உச்சி தெரிந்தது. தகர டப்பாகூட வெயிலில் மினுங்கியது. இன்னும் பத்து நிமிஷம், அவ்வளவுதான்.

பலோமா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை தானாகப் பேனாவைத் தொட்டது. பிறகு மெதுவாக ஒரு பாறைக்குப் பின்னால் போனாள். ஒதுங்கப் போகிறாளோ என்று துணைக்குப் போனேன். அங்கேதான் பார்த்தேன். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். தண்ணீர் மணலுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

அடிப்பாவி! கால் கடுத்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? இதற்கா விடியற்காலையில் எல்லாரையும் எழுப்பினாய்? பிறந்தநாளாயிற்றே என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

அவள் வந்து பாட்டிலை நீட்டினாள். "அம்மா, கீழ இறங்கிடுச்சு."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உச்சி கண்ணு முன்னால நிக்குது, இப்பவா? மொத்தத்தையும் குடிச்சுத் தீர்த்தியா?"

"தாகமா இருந்துச்சும்மா."

"உன் பிறந்தநாளை நீயே கெடுத்துக்கிட்ட. சட்டம்னா சட்டம். திரும்புங்க எல்லாரும்."

பெனிக்கு வந்ததே சந்தோஷம்! "நான் ஏறியிருப்பேன்! இவளாலதான் போச்சு! அரைமலை பலோமா! அரைமலை பலோமா!"

"ஆமாண்டா, நான்தான் அரைமலை," என்றாள் அவள்.

"அப்போ ஜெயிச்சவனைத் தோள்ல தூக்கணும்," என்றான். அக்காவும் தூக்கிக்கொண்டாள். எதிரே ஏறி வந்த ஒருத்தர் விடாமல், "எங்கக்காவாலதான் திரும்பறோம்!" என்று தோளிலிருந்து முழங்கிக்கொண்டே போனான்.

நானும் பலோமாவும் பின்தங்கினோம். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டி, நீ தண்ணிய மண்ணுல கொட்டினதை நான் பார்த்தேன். இதுக்குத்தானா பேனாவும் கையுமா வந்தே?"

அவள் திடுக்கிட்டு நின்றாள். முன்னால் போகும் தம்பியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"மெதுவா பேசுங்க சித்தி, அவனுக்குக் கேட்டுடும்," என்றாள். "கால் வலிக்குதுன்னு இனிமே அவன் சொல்லவே மாட்டான். நாலு தடவை உக்காந்தான் இல்ல? நான் குனிஞ்சு பார்த்தேன். ஒரு இடத்துலகூட ஓணானே இல்ல."