தம்பிக்கு ஒரு சேதி

கண்டி ஏரியைச் சுற்றிவந்த ரிக்‌ஷா, பழைய அரண்மனை வாசலில் நின்றது. கோட்டும் தலைப்பாகையுமாக இறங்கிய செல்லையா, எல்லாவற்றையும் கண்ணாலேயே விழுங்கினார்.

"ராசா இருந்த இடம் இதுதானா? குளிர் எப்பவும் இப்பிடித்தானா?"

"ஆமாங்கய்யா. புஸ்தகம் ஏதும் எழுதப்போறீங்களா?" என்றான் ரிக்‌ஷாக்காரன் சடையன்.

"இல்லப்பா. சாயங்கால ரயில்ல இந்தியா போறேன், முசிறிக்கு. கண்டி எப்பிடின்னு ஊர்ல கேப்பாங்கல்ல?"

சடையன் பக்கத்தில் ஓடிவந்தான்.

"நானும் முசிறிதாங்கய்யா! ஏரி, அரண்மனைன்னு அளந்துவிட்டுத்தான் என்னையும் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டியாந்தாங்க. காய்ச்சல்ல பொஞ்சாதியும் போயிட்டா, புள்ளையும் போயிருச்சு. இப்ப தம்பி மூக்கனும் கப்பலேறத் துடிக்கிறானாம். வரவே வேணாம்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்கய்யா!"

"கட்டாயம் சொல்றேன். வீடு எங்க?"

"மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால. சடையன் தம்பின்னா காட்டுவாங்க."

ஸ்டேஷனில் சடையன் கூலியே வாங்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனான்.

பிளாட்பாரத்தில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை காத்திருந்தார்.

"என்ன கங்காணி, ஊர் சுத்திப் பாத்தாச்சா? துரை முப்பது ஆள் கேக்குறாரு. போன தடவை மாதிரி வெறுங்கையோட வந்து நிக்காதய்யா."

"போன தடவை தோட்டத்தைப் பத்திச் சொன்னேன், ஒருத்தனும் அசையல. இந்தத் தடவை கண்டியைப் பத்திச் சொல்லப்போறேன்" என்றார் செல்லையா. "முதல் ஆள் வீடுகூடத் தெரிஞ்சுபோச்சு. அண்ணன் இங்க ராசாவாட்டம் இருக்கான், உடனே உன்னை வரச் சொன்னான்னா போதும். மூக்கன் ஓடிவந்துருவான்."