பக்கத்தில் நின்றவர்

"பாத்ரூமில வழுக்கினதுக்கு நான்தான் சாட்சி, மிஸ். எழுதிக்கொள்ளுங்கோ," என்றார் கிருஷ்ணராஜ், மனைவி சுபாஷினி வாய் திறப்பதற்கு முன்பே.

கேள்வி என்னவோ சுபாஷினியிடம்தான் கேட்கப்பட்டது. ஆனால் வீட்டு விபத்துகளைப் பற்றி ஆராய வந்திருக்கும் டொக்டர் நிம்றாவுக்கு அவளால் என்ன சொல்லிவிட முடியும்? கொள்ளுப்பிட்டியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பனியில் உட்கார்ந்துகொண்டு, ஊரார் விபத்துகளையெல்லாம் பிரித்து மேய்கிற மனிதர் அவள் பக்கத்திலேயே இருக்கும்போது?

வெள்ளவத்தையில் அந்த மாடி முழுக்க வீடுகள்தான். வேறு ஒரு கதவையும் தட்டாமல் நிம்றா நேரே இங்கே வந்திருந்தாள். படித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று படித்தவர்களுக்குத் தெரியாதா என்று கிருஷ்ணராஜ் உள்ளூரப் பூரித்துப்போனார்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு பயம். தனியே விட்டால் சுபாஷினி எதையாவது உளறி, இத்தனை வருஷமாகக் கட்டிக்காத்த குடும்ப மானத்தைக் கப்பலேற்றிவிடுவாள். நேற்று ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்குள் விடாமல் தன்னை வெளியே நிறுத்திவைத்த கடுப்பே அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

"அக்காவோட கொஞ்சம் தனியாக் கதைக்கலாமா, சேர்?"

"எங்களுக்குள்ள ஒளிவு மறைவு ஒண்டும் இல்ல, மிஸ். என்னட்டயே கேளுங்கோ." சோபாவில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

நிம்றா மறுக்கவில்லை. "அப்ப கை முறிஞ்சது பாத்ரூமில. கண்ணுக்குக் கீழ இருக்கிற தழும்பு?"

"அது அலுமாரிக் கதவு. காத்துக்கு அடிச்சுப்போட்டுது. நானும் அறைக்குள்ளதான் நிண்டனான்."

"முன்பல்லு உடைஞ்சது?"

"படியில தடக்கினவ. நான் பின்னாலயே வந்தனான்."

"வேற யாரும் பக்கத்தில இருந்தாங்களா, சேர்?"

"ஒருத்தரும் இல்ல. எல்லாத்துக்கும் நான் மட்டும்தான்."

சாட்சி இல்லாத கோரிக்கைகளைக் கண்ணை மூடிக்கொண்டு நிராகரித்துப் பழகியவர் அவர். அதனால் ஒரு விபத்து விடாமல் தன்னைப் பக்கத்திலேயே நிறுத்திவைத்தார். பொய் சொல்லி வருபவர்கள் எந்த இடத்தில் தடுமாறுவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. அவர் எந்த இடத்திலும் தடுமாறவில்லை.

சுபாஷினி பிளாஸ்டர் போட்ட கையை மடியில் வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவவுக்குக் கவனம் காணாது, மிஸ். எத்தினை தரம் சொல்லியிருப்பன்." இப்படிப்பட்ட ஒருத்தியோடு குடும்பம் நடத்தும் தன் பொறுமையை நினைத்து அவருக்கே கண் கலங்கியது. "உங்கட ரிப்போர்ட்டில பாத்ரூமுக்கு ரப்பர் மெட் போடச் சொல்லி எழுதுங்கோ. நாலு பேருக்குப் பிரயோசனப்படும்."

"கட்டாயம், சேர். ஒரு வீட்டிலயும் இவ்வளவு விளக்கமாச் சொன்னதில்ல."

கிருஷ்ணராஜுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஆராய்ச்சி அறிக்கையில் தன் பெயருக்கும் ஒரு நன்றி வரும் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார்.

"சுபா, மிஸ்ஸுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாருமன்."

சுபாஷினி எழுந்தாள். ஆனால் குசினிப் பக்கம் போகவில்லை. நிம்றாவின் முகத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

நிம்றாவும் எழுந்து போய் வாசல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"நேத்து வார்டில நீங்க சொன்ன ஆளை சேரே காட்டித் தந்திட்டார், அக்கா. பேக்கை எடுங்க, போவம்."