ஃபேனில் ஒட்டிய வெர்ப்

ஸ்டூலை அவன் இழுக்கவில்லை. சத்தம் வராமல் தூக்கி வந்து ஃபேனுக்கு அடியில் வைத்தான்.

தரையில் போட்ட மெத்தையில் மனைவி ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மத்தியான வெயில் ஜன்னல் திரை வழியாகக் கசிந்து அறை முழுக்க மஞ்சளாகப் பரவியிருந்தது. விடிந்தால் அவளுக்குப் பரீட்சை.

வீடெங்கும் சீட்டுகள். இங்கிலீஷ் இலக்கணம் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது என்று அவளே வெட்டி, எழுதி, கண்ட இடத்தில் எல்லாம் ஒட்டியவை.

கதவில் நவுன். கண்ணாடியில் ப்ரோநவுன், நமக்குப் பதிலாக அதில் ஒருத்தி நிற்கிறாளே, அதனால். மிளகாய்த்தூள் டப்பாவில் அட்ஜெக்டிவ். இரண்டு கதவையும் சேர்த்துப் பிடிக்கிற தாழ்ப்பாளில் கன்ஜங்ஷன். குளியலறைக் குழாயில் இன்டர்ஜெக்‌ஷன். காலையில் அந்தத் தண்ணீர் மேலே பட்டால் யாராக இருந்தாலும் ஐயோ என்றுதான் ஆக வேண்டும்.

ஃபேன் இறக்கையில் வெர்ப். இந்த வீட்டில் ஓயாமல் வேலை செய்வது இது ஒன்றுதான் என்று புருஷனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஒட்டினாள்.

அவன் ஃபேன் மெக்கானிக். ஊரில் உள்ள ஃபேனெல்லாம் அவன் கை பட்டால் சத்தமில்லாமல் சுற்றும். வீட்டு ஃபேன் மட்டும் முனகும். சீட்டு ஒட்டிய நாளிலிருந்து முனகலோடு ஒரு படபடப்பும் சேர்ந்துகொண்டது.

இதெல்லாம் முதலில் ஒட்டியபோது இருந்த இடங்கள். பிறகு அவை இடம் மாறின. மாற்றியது அவன்தான்.

அவள் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்து, ராத்திரி பயந்தால் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிற வேலை. இங்கே அவளை எல்லோரும் ஆயா என்கிறார்கள். கடல் தாண்டி ஓர் ஊரில் இதே வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். அங்கே சீருடை உண்டு, அதில் அவள் பெயர் இருக்கும். பரீட்சையில் தேறினால் போகலாம். போனால் மூன்று வருஷம் வர முடியாது.

அவள் ஆசைப்பட்டாள். அவனும் எல்லோர் முன்னாலும் தாராளமாகத் தலையாட்டினான்.

அவள் டியூட்டிக்குப் போன பிறகு சீட்டுகளைப் பிய்த்தான். ஃபேனிலிருந்த வெர்ப் பீரோவுக்குப் போனது. கதவிலிருந்த நவுன் குழாய்க்குப் போனது. தினமும் ஒவ்வொன்றாகக் காட்டி, மாறிப்போனதையே கேள்வி கேட்டு, மனப்பாடம் செய்ய வைத்ததும் அவன்தான். அவள் எதையும் கவனிக்கவில்லை. வேலை அலுப்பு, பாவம் என்று நினைத்துக்கொண்டான்.

முதல் தடவை தேறவில்லை. அவன் டீ போட்டுக் கொடுத்தான். இரண்டாவது தடவையும் தேறவில்லை.

அன்றைக்குக் குளியலறைக் குழாய் வெகுநேரம் ஓடியது. தண்ணீர் விழும் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. மோட்டாரில் என்ன கோளாறு என்று காதை வைத்தே சொல்கிறவனுக்கு அது கேட்காமலா போகும்? அதிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன்னைப் பார்க்கத் தனக்கே பிடிக்கவில்லை.

நாளைக்கு எழுதப்போவது மூன்றாவது தடவை. இதுதான் கடைசி வாய்ப்பு என்று வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள்.

அதனால்தான் இன்றைக்கு எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுபோய்க்கொண்டிருந்தான். வெறுங்காலோடு, மூச்சை அடக்கி, சொந்த வீட்டிலேயே திருடன் மாதிரி. காற்றில் சீட்டுகள் மெல்ல அசைந்தன. வீடே எங்கோ மிதந்து போவதுபோல் இருந்தது.

"நவுன்" என்றாள் அவள் தூக்கத்தில்.

கதவில் கை வைத்தபடி அப்படியே நின்றான். அவள் உதடு இரண்டு முறை அசைந்து ஓய்ந்தது.

கடைசியாக மிஞ்சியது வெர்ப். அதை ஒட்ட ஃபேனை நிறுத்தியாக வேண்டும். சுவிட்சை அமுக்கினான். இறக்கைகள் மனமில்லாமல் சுற்றிச் சுற்றி நின்றன. முனகல் அடங்கியதும் அறையில் வெயில் மட்டும் இருந்தது. அவன் ஸ்டூலில் ஏறினான்.

"எல்லாத்தையும் மாத்தியாச்சா?"

கேட்டவள் கண்ணைத் திறக்கவில்லை. குரலில் கோபமும் இல்லை, பாதி தூக்கம்தான் இருந்தது.

"ஃபேன்ல படபட சத்தம் நின்ன அன்னிக்கே தெரியும்ங்க. நான் எழுதுன சீட்டு எனக்குத் தெரியாதா? போகாதேன்னு ஒரு வார்த்தை உங்க வாயால சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சொல்லல. அதான் ரெண்டு தடவையும் நீங்க ஒட்டி வச்சதையே எழுதிட்டு வந்தேன்."

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"நாளைக்கு எதை எழுதட்டும்?"

அவன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தான். குண்டு குண்டான அவள் எழுத்து. போகாதே என்று சொல்ல இப்போதும் நேரம் இருந்தது. அவள் காத்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஃபேன் இறக்கையில் தூசி படிந்திருந்தது. சட்டை நுனியால் துடைத்தான். சீட்டை வைத்து, நான்கு மூலையையும் விரலால் நன்றாக அழுத்தினான். இறங்கி வந்து சுவிட்சைப் போட்டான்.

ஃபேன் முதலில் முனகியது. பிறகு படபடக்க ஆரம்பித்தது.

அவள் கண்ணைத் திறக்காமலே, மெத்தையில் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து படுத்தாள்.