வலது பெருவிரல்

லால்குடியிலிருந்து காலை வண்டியில் வரும்போதே பிச்சமுத்து முடிவோடுதான் வந்தார். மெட்ராஸ் கிடையாது.

தென்னூர் வீட்டில் பாயின் மேல் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று மெட்ராஸ் காலேஜ். இன்னொன்று திருச்சியிலேயே புதிதாக வந்திருக்கிற காலேஜ். மாப்பிள்ளை தர்மராஜுக்கு இரண்டிலும் இன்ஜினீயர் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது.

தகப்பன் இல்லாத பிள்ளை. பொறுப்பாளி என்று மாமனார்தான் கைநாட்டு வைக்க வேண்டும்.

மெட்ராஸ் என்றால் ஐந்து வருஷம் ஹாஸ்டல். பெண்டாட்டி பிள்ளைக்கு அங்கே இடமில்லை. திருச்சி என்றால் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம்.

மூத்த மகள் வீராயியின் புருஷனும் இப்படித்தான், துறைமுகத்தில் வேலை என்று மெட்ராஸ் போனான். இரண்டு தீபாவளிக்கு வந்தான். பிறகு ஆளும் இல்லை, கடுதாசியும் இல்லை. ஏழு வருஷமாக வீராயி அப்பன் வீட்டில் இருந்துகொண்டு களையெடுக்கப் போகிறாள்.

தர்மராஜுக்குக் கட்டிக் கொடுத்த இளைய மகள் அமிர்தத்தையும் அப்படிப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் உழைத்து உழைத்து தர்மராஜுக்குக் கண் குழி விழுந்திருந்தது.

“பத்து நாளா ரெண்டையும் மாத்தி மாத்திப் பாக்குறேன் மாமா. தலை சுத்துது. நீங்க எதுல வைக்கிறீங்களோ அங்க போறேன்.”

இந்தப் பேச்சையெல்லாம் பிச்சமுத்து நம்புகிற ஆள் இல்லை. மெட்ராஸ் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னால் மாப்பிள்ளை முறுக்கிக்கொள்வான். மகள் பாடுதான் திண்டாட்டம்.

“ரெண்டுலயும் வைக்கிறேன் மாப்பிள்ளை. ரெண்டையும் தபால்ல போடுங்க. எது சரின்னு வருதோ அங்க போங்க.”

கைநாட்டு என்றால் ஆம்பளைக்கு இடது பெருவிரல், பொம்பளைக்கு வலது. முன்பு ஒருதரம் ரிஜிஸ்தர் ஆபீசில் தெரியாமல் வலது கையை வைத்துவிட்டார். குமாஸ்தா நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசி பத்திரத்தைத் தூக்கி எறிந்தான். மெட்ராஸ் தாளும் அப்படித் திரும்பி வரட்டும். யார் மேலும் பழி இல்லை.

உள்ளே தூளியில் குழந்தை அழுதது. தர்மராஜ் பேனாவை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடினான்.

நல்லதாகப் போயிற்று. பிச்சமுத்துவுக்கு எழுத்துத் தெரியாது. எது எந்த ஊர்த் தாள் என்று மாப்பிள்ளையைக் கேட்டு ஏமாற அவர் தயாராக இல்லை. பெற்ற மகள் பொய் சொல்ல மாட்டாள். அமிர்தம் எட்டாவது வரை படித்தவள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“இது திருச்சிப்பா. இது மெட்ராஸ்.”

மையைத் தொட்டு முதல் தாளில் இடது விரலை உருட்டினார். இரண்டாவதில் வலது விரலை. அமிர்தம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு எண்ணெய் தொட்ட துணியால் அவர் விரலைத் துடைத்தாள்.

“ரிஜிஸ்தர் ஆபீசுல பேச்சு வாங்கின கதையை எத்தனை தடவை சொல்லியிருக்கே. உன் புத்தி எனக்குத் தெரியாதாப்பா? ஊரை மாத்திச் சொன்னேன்.”

பிச்சமுத்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“புள்ள முனகினாப் போதும், புஸ்தகத்தைப் போட்டுட்டு ஓடுறாரு. இங்க இருந்தா படிச்ச மாதிரிதான்.”

“அக்கா கதி உனக்கும் வந்துச்சுன்னா?”

“வந்தா வரட்டும். அக்கா இருக்கிற வீட்டுல எனக்கும் ஒரு பாய் போட மாட்டியா?”

இடது விரல் விழுந்த மெட்ராஸ் தாளில் மை இன்னும் பளபளத்தது. விரலால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும்.

உள்ளே தர்மராஜ் தூளியை ஆட்டும் சத்தம் கேட்டது.

பிச்சமுத்து இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, மை காயும் வரைக்கும் அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.