லாசரின் தொண்டை

படகு கிளம்புமுன் தினமும் லாசர் முன்முனையில் நின்று வாக்கி டாக்கியில் கத்துவார். "கேக்குதா?"

பின்முனையில் இன்னொரு வாக்கி டாக்கியோடு நிற்கும் கூட்டாளி, "நல்லா கேக்குது" என்பான். லாசர் கையிலிருந்த வாக்கி டாக்கிக்குப் பெருமை தாங்காது.

"அவரு தொண்டைக்கு அடுத்த ஊரே எந்திரிக்கும். உன் வழியாவா கேட்டுச்சு?" என்றது ஆணியில் தொங்கிய லைஃப் ஜாக்கெட்.

உப்பு படிந்து, தன் பேசும் பொத்தான் அழுந்தாதது வாக்கி டாக்கிக்கும் தெரியும். வெளியே தெரிந்தால் கரையிலேயே போட்டுவிடுவார்களோ என்று பயம்.

ஒருநாள் லாசருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வெறும் காற்றுதான் வந்தது. பின்முனையிலிருந்து பதிலே இல்லை. லாசர் யோசித்தார். பொத்தானைச் சுற்றியிருந்த உப்பைத் துணியால் துடைத்து, அழுத்தி, மறுபடி பேசினார்.

"கேக்குது" என்ற பதில் வாக்கி டாக்கிக்குள்ளிருந்தே வந்தது. அதற்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்து, "நீங்க எப்பண்ணே தண்ணியில இறங்கிப் பார்த்தீங்க?" என்று கேட்டது. கேலியாகக் கேட்கவில்லை.

லைஃப் ஜாக்கெட் பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள் இன்னும் ஒடுங்கிக்கொண்டது.

"மிதப்பேனான்னு எனக்கே தெரியாதுடா" என்றது.