காலிப் பெட்டி

"அந்தப் பொம்பளை விளங்கவே மாட்டாக்கா!" என்று சொல்லிக்கொண்டே மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள் சின்னவள்.

துணி மடித்துக்கொண்டிருந்த பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருவரும் ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். கீழ்த்தளம் பெரியவளுக்கு, மாடி சின்னவளுக்கு.

"யாரை இப்படி வாழ்த்துறே?"

"என் ஆன்லைன் கடையில ஒட்டகச்சிவிங்கி பொம்மை வாங்கினாளே, அவளைத்தான். பெட்டியைப் பிரிச்சா உள்ள ஒண்ணுமே இல்லை, வெறும் காலின்னு புகார் குடுத்திருக்கா. வெப்சைட்காரங்க பணத்தை நிறுத்தி வச்சுட்டாங்க. நாளைக்குள்ள சரியான ஆதாரம் குடுக்கலைன்னா கடையையே மூடிடுவாங்களாம்."

"அடப் பாவமே!" என்றாள் பெரியவள்.

அந்தப் பாவம் யார் கணக்கில் சேரும் என்பது அவளுக்குத் தெரியும். ஒட்டகச்சிவிங்கி அவளுடைய கட்டிலுக்கடியில்தான் கழுத்தை மடக்கிப் படுத்திருந்தது.

பெரியவள் ஒன்றும் பிறவிப் பொறாமைக்காரி இல்லை. ஆனால் தினமும் காலையில் அவள் பேருந்துக்கு ஓடுகிற நேரம் பார்த்துத்தான், சின்னவள் ஸ்கூட்டரில் முன்னாலும் பின்னாலும் அட்டைப் பெட்டிகளை அடுக்கிக் கட்டுவாள். வாசலில் பல் துலக்கிக்கொண்டே பெரியவளின் கணவர், "தம்பி பெண்டாட்டியைப் பாரு. உட்கார்ந்த இடத்திலேயே ஊரை விலைக்கு வாங்கிடுவா போலிருக்கு" என்பார். நுரை அவர் வாயில், புகை இவள் வயிற்றில்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அலுவலகத் தோழியின் பெயரிலும் விலாசத்திலும் அந்தப் பொம்மையை வரவழைத்தாள். தையலில் ஒரு பிசிறாவது இருக்காதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினாள். இல்லை. இருந்திருந்தால் "பொருள் மட்டம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். பொருள் நன்றாக இருந்ததால்தான் பொருளே இல்லை என்று எழுத வேண்டியதாயிற்று.

"நீங்கதான்கா பதில் எழுதித் தரணும். காப்பீட்டு ஆபீஸ்ல நாள் முழுக்கப் புகாரையே படிக்கிறீங்க. உங்களை விட்டா எனக்கு யாரு?"

வழக்குப் போட்டவளே எதிர்த்தரப்புக்கும் வக்கீலானாள். மாட்டேன் என்றால் சந்தேகம் வருமே! பேனாவை எடுத்துக்கொண்டாள். எங்காவது ஓட்டை அகப்படாதா என்று கேள்விகளை மட்டும் கொஞ்சம் கூராகவே கேட்டாள்.

"பெட்டி போய்ச் சேர்ந்ததுக்கு என்ன அத்தாட்சி?"

"கூரியர்காரர் கையெழுத்து வாங்கியிருக்கார்."

"சரி, சேர்ந்துச்சு. உள்ளே பொம்மை இருந்துச்சுன்னு யார் கண்டா?"

"ரசீதுல எடை போட்டிருக்கே. காலிப் பெட்டி அவ்வளவு கனக்குமா?"

"கல்லைப் போட்டு அனுப்பிட்டேன்னு சொன்னா?"

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்கா, நீங்க அவ பக்கமா?"

"சேச்சே! அவ எப்படியெல்லாம் யோசிப்பாளோ, அப்படி நாமளும் யோசிக்கணும் இல்லையா?"

அப்படி யோசிப்பதில் பெரியவளுக்குச் சிரமமே இருக்கவில்லை.

"என்ன யோசிச்சாலும் சரி, ஒட்டகச்சிவிங்கியை அமுக்கினவளுக்குக் கழுத்து சுளுக்கிக்கணும்!"

"சாபமெல்லாம் எதுக்கு? விடு" என்ற பெரியவளின் கை தானாகவே பிடரிக்குப் போயிற்று. உடனே துருப்புச்சீட்டை இறக்கினாள். "பெட்டி கட்டும்போது வீடியோ எடுத்தியா? அது இல்லைன்னா ரொம்பக் கஷ்டம்மா."

"எடுத்தேனே!"

சின்னவள் செல்போனை நீட்டினாள். படத்தில் அவள் பொம்மையை நாலு பக்கமும் திருப்பிக் காட்டினாள். கழுத்தை நீவிவிட்டாள். நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்து, "சமத்தா போய்ச் சேரு" என்று பெட்டிக்குள் படுக்கவைத்தாள். மூடி, டேப் ஒட்டி, விலாசம் எழுதி முடிக்கும் வரைக்கும் ஒரே ஓட்டம், நடுவில் வெட்டே இல்லை.

வக்கீல் ஜெயித்துவிட்டாள், வாதி தோற்றுவிட்டாள்.

"கையெழுத்து, எடை ரசீது, இந்த வீடியோ. மூணையும் சேர்த்து அனுப்பு. அதுக்கு மேல யாரும் வாயைத் திறக்க முடியாது" என்றாள் பெரியவள். வேறு என்ன சொல்ல? வியாபாரத்தில்தான் கெட்டிக்காரி என்று பார்த்தால் வம்பு வழக்கிலுமா? தணிந்திருந்த வயிறு மறுபடி பற்றிக்கொண்டது.

"ஆனாலும் உன் சாமர்த்தியம் யாருக்கும் வராதும்மா. தினம் ஸ்கூட்டர் கொள்ளாத பெட்டி போகுது. ஒவ்வொண்ணுக்கும் இப்படி உட்கார்ந்து வீடியோ எடுக்கறியாக்கும்?"

சின்னவள் செல்போனை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"ஒவ்வொண்ணுக்கும் இல்லைக்கா. இதுக்கு மட்டும்தான். ஆதாரத்துக்குன்னுகூட எடுக்கலை, ஞாபகமா இருக்கட்டுமேன்னு எடுத்தேன்."

"ஒரு பொம்மையை வித்ததுல அப்படி என்ன பெரிய ஞாபகம்?"

சின்னவளின் குரல் இறங்கியது. "வீட்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நீங்க தினம் ஜம்முன்னு ஆபீஸ் கிளம்புவீங்க. அதைப் பார்க்கிறப்ப எனக்கு வயிறு எரியும்கா. அதனாலதான் நீங்க போற நேரமாப் பார்த்துப் பெட்டியெல்லாம் அடுக்கிக் கட்டுவேன். ஊரை ஒரு சுத்து சுத்திட்டு, நீங்க பஸ் ஏறினதும் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து மாடியில வச்சுடுவேன். இத்தனை நாள்ல நிஜமா பொருள் வச்சு அனுப்பின பெட்டி இது ஒண்ணுதான். அதைப் போய் காலின்னு சொல்லிட்டாளேக்கா!"